ஓநாயின் விதி எங்கே எழுதப்படுகிறது? அமெரிக்க மாநிலக் காட்டுயிர் ஆணையங்கள்: ஓர் எளிய அறிமுகம்

2021 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓநாய் வேட்டை நடந்தது. உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்கள் 119 ஓநாய்கள் வரை கொல்லலாம் என்று மாநில அரசு வரம்பு வைத்திருந்தது. மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள் செத்துவிட்டன. மாநிலம் முழுக்க அப்போது இருந்தவையே ஆயிரத்துக்குச் சற்று அதிகம்தான்.

யாரோ திருட்டுத்தனமாகச் சுட்டுத் தள்ளியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இவ்வளவும் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது. ஓநாய்க்கு மத்திய அரசின் பாதுகாப்பு விலகினால் குளிர்காலத்தில் வேட்டை நடத்தியே ஆகவேண்டும் என்று 2012-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. 2021 ஜனவரியில் பாதுகாப்பு விலகியது. நவம்பர் வரை பொறுக்கலாம் என்றது மாநிலத் துறை. வெளிமாநில வேட்டை அமைப்பு ஒன்று நீதிமன்றம் போய், உடனே நடத்தும்படி உத்தரவு வாங்கி வந்தது. அது ஓநாய்கள் இணைசேரும் பருவம். தரையெல்லாம் பனி, தடம் தெளிவாகத் தெரியும். நாய்களை அவிழ்த்துவிட்டுத் துரத்தவும் சட்டம் இடம் கொடுத்தது.

சரி, 119 ஆனதும் நிறுத்தியிருக்கலாமே? முடியவில்லை. வேட்டையை மூடுவதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. அறிவித்தார்கள், அந்த இடைவெளியிலும் வேட்டை ஓடிக்கொண்டே இருந்தது. இதற்கு நடுவே, பழைய ஒப்பந்தங்களின்படி ஓஜிப்வே பழங்குடிகளுக்கென்று 81 ஓநாய்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன. ஓநாயை உடன்பிறப்பாகக் கருதும் அந்த மக்கள் ஒன்றைக்கூடக் கொல்லவில்லை. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் மொத்த வரம்பு 200-தான். அதுவும் தாண்டிப்போய்விட்டது.

இந்த மூன்று நாளையும் தீர்மானித்தவை ஒரு சட்டப் பிரிவு, ஒரு அறிவிப்பு விதி, ஒரு வரம்பு எண். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதைவிட இவற்றைப் பற்றிப் பேசினால்தான் பயன் என்று நினைக்கிற மக்கள் இயக்கங்கள் இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருக்கின்றன. அவர்கள் கேட்பது என்ன என்று புரிய, அங்கே காட்டுயிர் நிர்வாகம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யாருடைய மான்?

அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. மான் உங்கள் வயலிலேயே நின்றாலும் அது உங்களுடையது ஆகாது. அது பொதுமக்களின் சொத்து, அவர்கள் சார்பில் அதைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலர் மாநில அரசு என்பதுதான் அடிப்படைக் கோட்பாடு. வலசைப் பறவைகளும் அழியும் நிலையிலுள்ள இனங்களும் மத்திய அரசின் கைக்குள் வரும். பறவைகளுக்கு 1918-இல் ஒரு சட்டம், அழியும் இனங்களுக்கு 1973-இல் ஒரு சட்டம். மற்றபடி மான், எல்க் (பெரிய மான் வகை), கரடி, மலைச்சிங்கம் (பூமா என்ற பெரிய பூனை), கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நரி போன்ற விலங்கு) எல்லாம் மாநிலத்தின் பாடு.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேட்டை ஏறக்குறைய முடிந்துபோன கதை. அதனால் வேட்டை உரிமம் விற்பதும் விலங்குகளைப் பாதுகாப்பதும் ஒரே துறையின் வேலை என்பது நமக்கு விசித்திரமாகத் தெரியும். அங்கே அது நூறாண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காக வேட்டையாடியே அமெரிக்கர்கள் தங்கள் காட்டெருமைகளை ஏறக்குறையத் துடைத்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாவில் கடைசி ஒன்று 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சி சாலையில் செத்தது. அப்போது "வரம்பு வை, பருவம் வை, காவலர் போடு" என்று குரல் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் வேட்டைக்காரர்கள்தான். 1937-இல் துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது போட்ட மத்திய வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கே திருப்பிவிடும் சட்டம் வந்தது. நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். வெண்வால் மானும் காட்டு வான்கோழியும் இன்று ஊர் ஓரத்திலேயே திரிகிற அளவுக்குப் பெருகியதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சிக்கல் அதே பணத்தில்தான் தொடங்குகிறது. அந்த வரிப் பணம் மாநிலங்களுக்குப் பிரிக்கப்படும்போது நிலப்பரப்பும் பார்க்கப்படும், எத்தனை பேர் வேட்டை உரிமம் வைத்திருக்கிறார்கள் என்பதும் பார்க்கப்படும். உரிமக் கட்டணமும் துறைக்கே வரும்; வேறு செலவுக்குத் திருப்பினால் மத்தியப் பணம் நின்றுபோகும். ஆக, உரிமம் விற்றால் இரண்டு பக்கமும் வருமானம். எல்க் கூட்டம் குறைந்தால் துறையின் பட்ஜெட்டே ஆட்டம் காணும். ஒரு தவளை இனம் அழிந்தால் கணக்கில் ஒரு பைசா குறையாது. துறையில் வேலை செய்கிற உயிரியலாளர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கவனம் சாய்வது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான்.

2016-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க வேட்டையாடியவர்கள் சுமார் 1.15 கோடிப் பேர். பறவை, விலங்கு பார்ப்பதையும் படமெடுப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் சுமார் 8.6 கோடிப் பேர். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு முடிவெடுக்கும் மேசையில் இடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அந்த மேசைக்குப் பெயர் ஆணையம். பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் நியமிக்கிற ஒரு சிறு குழு அது. (நம்மூர் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், ஏறக்குறைய நம் முதல்வர் மாதிரி.) எந்த விலங்கை எப்போது, எத்தனை, எந்தக் கருவியால் கொல்லலாம் என்பதை அந்தச் சில பேர்தான் கையெழுத்திட்டு முடிவு செய்வார்கள். வேட்டைக்காரர், கால்நடைப் பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டித் தொழில் நடத்துபவர் என்ற வட்டத்திலிருந்தே ஆட்கள் வருவது வெகுகாலமாக வழக்கம்.

நியூ மெக்சிகோ: விலங்கு விலங்காக ஒரு போராட்டம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்வோம்.

நியூ மெக்சிகோவில் ஆணையத்துக்கு ஏழு உறுப்பினர்கள். 1921-இல் அமைந்தது. அதற்கு முன்னால் 1910-களில் அங்கே ஊர் ஊராகப் போய் வேட்டைக்காரர்களைத் திரட்டி, காட்டுயிர்க் காவல் பதவியை அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரசாரம் செய்தவர் ஆல்டோ லியோபோல்டு. பிற்காலத்தில் அமெரிக்கச் சூழலியல் சிந்தனையின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்டவர். அந்த நாட்களில் அவரே ஓநாயை ஒழிக்க வேண்டும் என்ற கட்சியில் இருந்தவர், பிறகு மனம் மாறினார். இன்றைய இயக்கத்துக்கு எதிராகப் பேசும் வேட்டை அமைப்புகளும் அவர் பெயரைச் சொல்கின்றன, இயக்கமும் சொல்கிறது. இரண்டு பக்கமும் பொய்யில்லை.

அந்த மாநிலத்துச் சட்டம் துறையின் நோக்கமாக எழுதி வைத்திருந்தது: வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாப்பது, மக்களின் பொழுதுபோக்குக்கும் உணவுக்கும் அவற்றைப் பயன்படுத்துவது, பெருக்குவது. துறையின் பெயரே வேட்டை விலங்கு மற்றும் மீன் துறை என்றுதான் இருந்தது. வேட்டை விலங்குப் பட்டியலில் இல்லாத கொயோட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. மாநிலத்தில் குடியிருப்பவர் அதைக் கொல்ல உரிமமே தேவையில்லை; பருவமும் இல்லை, வரம்பும் இல்லை.

கொயோட்டியை வைத்துப் போட்டிகள் நடந்தன. இரண்டு மூன்று பேர் சேர்ந்த அணிகள் விடியலில் கிளம்பும். அடிபட்ட முயல் அலறுவது போல ஒலி எழுப்பும் கருவியை வைத்துவிட்டுப் பதுங்கியிருப்பார்கள். இரை என்று நினைத்து ஓடிவரும் கொயோட்டியைச் சுடுவார்கள். கடைசியில் எல்லா அணிகளும் ஓரிடத்தில் கூடி, வண்டியின் பின்பலகையைத் திறந்து உடல்களை இறக்கி, எண்ணி, தராசில் தொங்கவிட்டு எடை போடுவார்கள். அதிகம் கொன்றவருக்குப் பரிசு, கனமான கொயோட்டிக்குத் தனிப் பரிசு. ஆடுமாடுகளைக் காப்பாற்றத்தான் இது என்பது நடத்துபவர்களின் வாதம். கொயோட்டி விஷயத்தில் இது எடுபடாது. கூட்டத்தில் மூத்த இணையைச் சுட்டுவிட்டால், அதுவரை அடங்கியிருந்த மற்ற பெண் கொயோட்டிகள் குட்டி போட ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் எண்ணிக்கை பழையபடி ஆகிவிடும். கலிபோர்னியா 2014-இல் இத்தகைய பரிசுகளை முதன்முதலாகத் தடை செய்தது. நியூ மெக்சிகோ 2019-இல் கொயோட்டிப் போட்டிகளைச் சட்டம் போட்டு நிறுத்தியது.

அடுத்தது பொறி. 2018 நவம்பரில் சாண்டா குரூஸ் ஏரிப் பக்கம் பொது நிலத்தில் ஒருவர் தன் நாயோடு நடந்து போனார். பாதை ஓரத்தில் வைத்திருந்த கம்பிச் சுருக்கு நாயின் கழுத்தில் விழுந்தது. அந்தச் சுருக்கு, இழுக்க இழுக்க இறுகும் வகை. அவரால் கழற்ற முடியவில்லை, கண்ணெதிரே நாய் செத்தது. நாயின் பெயர் ராக்ஸி. பொது நிலத்தில் பொறி, சுருக்கு, விஷம் வைப்பதைத் தடை செய்யும் மசோதா 2019-இல் வந்து தோற்றது. 2021-இல் ராக்ஸி சட்டம் என்ற பெயரோடு திரும்ப வந்து, கீழவையில் 35-க்கு 34 என்று ஒரே ஓட்டில் தப்பித்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒரு ஓட்டு என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நியூ மெக்சிகோ சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒற்றைப்படை ஆண்டில் 60 நாள், இரட்டைப்படை ஆண்டில் 30 நாள்தான் கூட்டத்தொடர். அந்த 30 நாளும் பெரும்பாலும் பட்ஜெட்டுக்கே போய்விடும். அதற்குள் நிறைவேறாத மசோதா செத்ததாகக் கணக்கு, அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழு விசாரணைகளில் பொதுமக்கள் பேசலாம், ஆனால் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். அந்த இரண்டு நிமிடத்துக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நூறு இருநூறு மைல் வண்டி ஓட்டி வந்து, வரிசையில் உட்கார்ந்திருப்பது, அப்புறம் தன் தொகுதி உறுப்பினருக்குத் திரும்பத் திரும்பப் போன் போடுவது: மக்கள் இயக்கம் என்பது அன்றாடத்தில் இவ்வளவுதான். பார்க்க ஒன்றும் வீரமாக இருக்காது.

பக்கத்திலுள்ள கொலராடோக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. போதுமான கையெழுத்துத் திரட்டினால் மக்களே ஒரு சட்டத்தை நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். நியூ மெக்சிகோ அரசியலமைப்பில் அந்த வழி இல்லை. அதனால்தான் அங்கே எல்லாமே சட்டமன்றத்தைச் சுற்றி நடக்கிறது.

விலங்கை விட்டு நாற்காலிக்கு

கொயோட்டிக்கு ஒரு சட்டம், பொறிக்கு ஒரு சட்டம் என்று இப்படியே போனால் இந்த ஜென்மம் போதாது. ஆணையமே வேறு மாதிரி இருந்தால் பாதிச் சட்டங்கள் தேவைப்பட்டிருக்காது என்பது இயக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் மெக்சிகோ ஓநாய் விஷயத்தில் பார்த்துவிட்டார்கள்.

மெக்சிகோ ஓநாய் சாம்பல் ஓநாயின் சிறிய உள்ளினம். அமெரிக்கக் காட்டிலிருந்து முழுக்க மறைந்துபோன பிறகு, வளர்ப்பில் பெருக்கிய 11 ஓநாய்களை 1998-இல் மத்திய அரசு அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லைப் பகுதியில் விட்டது. 2011-இல் நியூ மெக்சிகோ ஆணையம் அந்தத் திட்டத்திலிருந்து மாநிலத்தை விலக்கிக்கொண்டது. 2015-இல், பல ஆண்டுகளாக இந்த ஓநாய்களைப் பராமரித்து வந்த ஒரு தனியார் பண்ணையின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஆளுநர் மாறினார், ஆணையமும் மாறியது, எதிர்ப்பு தணிந்தது. 2024 கடைசியில் எடுத்த கணக்கில் காட்டில் குறைந்தது 286 ஓநாய்கள் இருந்தன. இந்த இடைக்காலத்தில் அறிவியல் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்தான் வேறு.

ஆகவே கோரிக்கை இப்படி மாறியது: ஆணையத்தில் யார் உட்காரலாம் என்பதைச் சட்டமே சொல்லட்டும். பண்ணைக்காரர் இருக்கட்டும், வேட்டைக்காரர் இருக்கட்டும், கூடவே பாதுகாப்புப் பணியில் இருப்பவரும் காட்டுயிர் படித்த விஞ்ஞானியும் இருக்கட்டும். துறையின் நோக்கத்தில் வேட்டை விலங்கோடு மற்ற உயிர்களும் வரட்டும். 2023-இல் இதற்கான மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. கூட்டத்தொடர் முடிந்து 20 நாளுக்குள் கையெழுத்து விழாவிட்டால் மசோதா தானாகவே செத்துப்போகும். ஏன் என்று விளக்கம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

2025-இல் திரும்ப வந்தபோது அதோடு இன்னொன்றையும் கட்டிக் கொண்டுவந்தார்கள்: வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டண உயர்வு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கட்டணம் ஏறவில்லை, துறைக்குப் பணமுடை. துறைக்குப் பணம் வேண்டும், இயக்கத்துக்கு மாற்றம் வேண்டும். இரண்டையும் ஒரே மசோதாவில் வைத்ததும் வேட்டைக்காரர்களில் ஒரு பகுதியினரும் பாதுகாப்பு ஆர்வலர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். என் கணிப்பில் அந்த மசோதாவின் சாமர்த்தியம் இதுதான். எதிராளியை வாதத்தில் தோற்கடிப்பதைவிட, அவருக்கு வேண்டிய ஒன்றைத் தன் பொட்டலத்தில் வைப்பது பலிக்கும். மசோதா நிறைவேறியது, ஆளுநர் கையெழுத்திட்டார். துறைக்கு வேட்டை விலங்கு என்ற பெயர் போய் காட்டுயிர்த் துறை என்ற பெயர். 2026-இல் அமலாகும்படி ஏற்பாடு. ஆணையத்துக்கு விண்ணப்பிப்பவர்களை ஒரு தேர்வுக் குழு பார்த்துப் பட்டியல் தரும், அதிலிருந்து ஆளுநர் நியமிப்பார்.

எதிர்த்தரப்பு சொல்வது

"நகரத்துக்காரன் ஓட்டுப் போடுவான், ஓநாய் என் பட்டியில் வந்து நிற்கும்" என்பது மேற்கு மாநிலங்களில் எந்தப் பண்ணைக்காரரிடம் கேட்டாலும் வருகிற பதில். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. கொலராடோவில் 2020 நவம்பரில் ஓநாயைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 51-க்கு 49 என்ற அளவில் நூலிழையில் வென்றது. ஆம் என்ற ஓட்டுகளில் பெரும்பகுதி ராக்கி மலைத்தொடரின் கிழக்கே உள்ள நகரங்களிலிருந்து வந்தவை. 2023 டிசம்பரில் ஓநாய்களை விட்டது மேற்குப் பக்கத்தில். கால்நடை செத்தால் ஒரு உருப்படிக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு என்று சட்டம் வைத்தார்கள். பணம் கிடைத்தாலும், கன்று போடும் பருவத்தில் ராத்திரி முழுக்க விழித்துக் காவல் காப்பவருக்கு அந்தத் தூக்கத்தை யார் தருவார்கள்? 2024-இல் அதே கொலராடோவில் மலைச்சிங்க வேட்டையைத் தடை செய்யும் வாக்கெடுப்பு தோற்றது, எதிர்த்தவர்கள் சுமார் 55 சதவீதம். உயிரியல் முடிவை வாக்குப் பெட்டியில் எடுக்காதீர்கள் என்ற முழக்கம் அங்கே நன்றாக எடுபட்டது. வேடிக்கை என்னவென்றால், விஸ்கான்சினில் உயிரியலாளர்களைக் காத்திருக்கவிடாமல் செய்தது ஒரு சட்டமும் ஒரு நீதிமன்ற உத்தரவும்தான். அப்போது இந்த முழக்கம் அவ்வளவாகக் கேட்கவில்லை.

பணத்தைப் பற்றிய எதிர்வாதம் இன்னும் வலுவானது. "செலவை நாங்கள் ஏற்கிறோம், முடிவு மட்டும் எல்லாரும் எடுப்பதா?" நியாயமான கேள்வி. இதற்கு மிசௌரி மாநிலம் எப்போதோ ஒரு பதில் கண்டுபிடித்தது. 1936-இல் அங்கே குடிமக்கள் வாக்கெடுப்பு மூலம் அரசியலமைப்பைத் திருத்தி நான்கு பேர் ஆணையம் அமைத்தார்கள். ஒரே கட்சிக்காரர் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 1976-இல் விற்பனை வரியில் ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 8 டாலருக்கு 1 சென்ட்டை, காட்டுயிருக்கென்று ஒதுக்க மக்களே ஒப்புக்கொண்டார்கள். சோப்பு வாங்குகிறவரும் செருப்பு வாங்குகிறவரும் அங்கே காட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். நாடு முழுக்க இப்படி ஒரு நிதி தரும் மசோதா, ஆண்டுக்கு 130 கோடி டாலருக்கு மேல், 2022 ஜூனில் மத்தியக் கீழவையில் நிறைவேறி, மேலவையில் அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது.

ஆணையத்தில் ஆள் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டியதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் ஒன்பது பேர் ஆணையம். வசந்தகாலக் கரடி வேட்டையை 2022 நவம்பரில் 5-க்கு 4 என்று நிறுத்தினார்கள். குகையிலிருந்து அப்போதுதான் வெளிவரும் தாய்க்கரடி செத்தால் குட்டிகள் அனாதையாகும் என்பது எதிர்த்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. அங்கேயும் வித்தியாசம் ஒரே ஓட்டுதான். 2025 தொடக்கத்தில் புதிதாக வந்த ஆளுநர், முந்தையவர் போகும்போது செய்த ஆணைய நியமனங்களைத் திரும்பப் பெற்றார்.

நியூ மெக்சிகோவிலும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. தக்க காரணமும் முறையான விசாரணையும் இல்லாமல் ஆணைய உறுப்பினரை நீக்கக் கூடாது என்ற பிரிவு 2025 மசோதாவில் இருந்தது. ஆளுநர் மசோதாவில் கையெழுத்திட்டபோது அந்தப் பிரிவை மட்டும் அடித்துவிட்டார். ஆகவே தேர்வுக் குழு எவ்வளவு சலித்து எடுத்துக் கொடுத்தாலும், பிடிக்காதவரை அனுப்பிவிடும் அதிகாரம் ஆளுநரிடமே இருக்கிறது. அந்தப் பிரிவை மீட்கத் தனி மசோதா வேண்டும். அதற்கு ஏற்ற அடுத்த 60 நாள் கூட்டத்தொடர் 2027 ஜனவரியில் தொடங்கும். 2026 நவம்பர் தேர்தலில் வெல்லும் புதிய ஆளுநர் பதவி ஏற்பதும் அதே மாதத்தில்தான்.